குடைக்கம்பியில் ஏறிய மலை ரயில்

நம் காலத்தில் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று ஒரு நோய் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகளுக்கு வரும் டி.பி. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது அதற்கு மாத்திரை தின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் இளைத்தால் போதும், சாயந்திரம் உடம்பு லேசாகச் சுட்டால் போதும், கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு டாக்டர்கள் அதைத்தான் சொல்வார்கள். உங்களில் சிலருக்கும் வந்திருக்கலாம். எனக்கு ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை முடிந்த சமயத்தில் வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் மருந்து, அதுவரை பள்ளிக்கூடம் வேண்டாம், மற்ற பிள்ளைகளோடு சேர விடாதீர்கள் என்று என் அப்பாவிடம், எங்கள் அத்தாவிடம் சொன்னார். அத்தா அதை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்.

ஓசூரில் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. வீடும் கடையும் ஒரே காம்பவுண்டு. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் இரும்பு கொட்டும் களம். களத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை இருந்தது. சாக்கு அடுக்கி வைத்திருந்த அறை. சாக்கை வெளியே எடுத்துவிட்டு என்னை உள்ளே வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்க அத்தா தட்டின் அடியில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். காலையில் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அம்மா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அடுப்பில் ஏதாவது இருக்கும், எழுந்து போய்விடுவார். அப்புறம் சாயந்திரம்வரை யாரும் இல்லை.

கூடப் படித்த ஒருத்தி ஒருநாள் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். கேட்டிலேயே அத்தா நிறுத்திவிட்டார். "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு, நல்லானதும் அதுவே வரும்" என்று அவர் தன்மையாகச் சொன்னது கேட்டது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் திரும்பிப் போனபோது ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை மட்டும் ஜன்னலில் தெரிந்தது. பிறகு அவள் வரவில்லை.

பல வருடம் கழித்து, என் மகனுக்கு வைத்தியம் பார்த்த ஒரு பெண் டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் யாருக்கும் ஒட்டாதும்மா. உங்கள எதுக்குத் தனியா வெச்சாங்க?" என்று கேட்டார். எனக்கே அது அன்றுதான் தெரிந்தது. அத்தாவுக்கும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் ஊரைச் சுற்றி பெரிய பெரிய கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் கழித்துப் போடுவது லாரி லாரியாக எங்கள் களத்துக்கு வரும். பெங்களூர்ப் பக்கத்து டிரைவர்கள் எங்கள் கடையைக் "குஜ்ரி" என்பார்கள். நாங்கள் காயலாங்கடை என்போம். கடைசல் மெஷினிலிருந்து விழுந்த இரும்புச் சுருள்கள், எண்ணெய் ஊறிய பித்தளைத் தூள், வட்டமும் சதுரமுமாக வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய தகடுகள். வெயில் ஏற ஏற அந்தக் குவியலிலிருந்து எண்ணெயும் துருவும் கலந்த ஒரு நெடி கிளம்பும். இன்றைக்கும் ஏதாவது வொர்க்‌ஷாப்பைக் கடந்து போனால் அந்த நெடி வந்து, நாக்கில் மாத்திரைக் கசப்பும் வந்துவிடுகிறது.

களத்தில் இரும்பு வேறு, பித்தளை வேறு என்று பிரிப்பதற்கு ஒரு அக்கா வருவார். வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தைக் குவியல்மேல் இழுத்துக்கொண்டே போவார். அந்த அறையில் இருந்த காலம் முழுக்க ஜன்னலுக்குப் பயமில்லாமல் வந்து நின்றது அவர் ஒருவர்தான்.

"பாப்பா, தின்னாவா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று.

"அங்க போகாத, சீக்கு ஒட்டிக்கும்" என்று அத்தா ஒருமுறை அதட்டினார்.

"எனக்கு ஒட்ட வேண்டியதெல்லாம் எப்பவோ ஒட்டியாச்சுங்க பாய்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நின்றார்.

படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு நினைக்க ஏதாவது வேண்டுமில்லையா? நான் முந்தின கோடை விடுமுறையையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி குன்னூரில் காய்கறி மண்டி வைத்திருந்தார். அந்த மாமுவின் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனோம். நான் முதன்முதலாக ஏறிய ரயில் அதுதான்.

பெட்டிக்கு முன்னால் போய்ப் பார்த்தால் எஞ்சின் இல்லை. வண்டி போகாது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டேன். முன் பெட்டியின் வாசலில் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேன் சிரித்தார். "எஞ்சின் பின்னாடி இருக்குது பாப்பா. மலையில ஏறும்போது இழுக்கக் கூடாது, தள்ளணும். நடுவுல கொக்கி கழண்டுக்கிச்சின்னா பெட்டியெல்லாம் கீழ உருண்டுருமில்ல? எஞ்சின் பின்னாடி இருந்தா தாங்கிக்கும்" என்றார். கல்லார் தாண்டியதும் சத்தம் மாறியது. தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்பு ஒன்று ஓடுகிறது, எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது என்று மாமு சொல்லித் தந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வளைவில் பின்னால் எஞ்சின் புகையோடு முக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே போனேன். குகைக்குள் நுழைந்தபோது கரித்தூள் பறந்து அம்மாவின் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே அம்மா சிரித்தார். அம்மா சத்தம் போட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ரயிலைச் செய்துபார்க்கலாம் என்று எந்த நாளில் தோன்றியது என்று தெரியவில்லை. குடையில்தான் தொடங்கியது. களத்தில் உடைந்த குடைகள் மூட்டையாக வந்து விழுந்தன. குடைக்கம்பி பார்த்திருக்கிறீர்கள், நீளமாக, நேராக, வெயிலில் பளபளவென்று. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்டவாளம். அக்காவிடம் கேட்டேன். கை நிறையக் கொண்டுவந்து ஜன்னல் கம்பிக்குள் விட்டார். எதற்கென்று கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். தையல் மெஷின் பாபின்கள் சக்கரமாயின. இரண்டு பக்கமும் விளிம்பு இருப்பதால் கம்பியின்மேல் நழுவாமல் உருண்டன. என் ஊசி மருந்து வந்த அட்டைப் பெட்டிகள் ரயில் பெட்டிகளாயின. பழைய பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து, பேப்பரை ஊறவைத்து அரைத்த கூழால் மலை எழுப்பினேன். பேப்பர்க் கூடை செய்வார்களே, அதற்குப் போடுவதுபோல, கூழ் இறுகுவதற்கு வெந்தயம் அரைத்துப் போடவேண்டும். அம்மாவிடம் கேட்டேன்.

"கூடை செய்யறியா புள்ள?"

"ஆமாம்மா."

"செய்யி, செய்யி. பொழுது போவும்" என்று கிண்ணம் நிறையக் கொடுத்தார். அறை முழுக்க வெந்தய வாசனை அடித்தது. கூழ் ஈரமாக இருக்கும்போதே ஒரு பிடி கேழ்வரகைத் தூவினேன். நாலாம் நாள் மலை பச்சைப் பசேலென்று முளைத்துவிட்டது. நான் முளைத்த கேழ்வரகைக் கன்னத்தில் ஒட்டவைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, கூச்சமாக இருந்தது.

ஆனால் ரயில் ஏறவில்லை. எஞ்சினுக்கு ஒரு டைம்பீஸ் கிடைத்தது. முகமெல்லாம் உடைந்து சாவி மட்டும் நன்றாக இருந்த டைம்பீஸ். டிக்டிக் சத்தம் போடும் பாகத்தைக் கழற்றிவிட்டால் வில் விர்ரென்று சுழலும். அதன் அச்சில் சக்கரம் மாட்டிக் கம்பியில் வைத்தேன். சமதளத்தில் ஓடியது. சரிவில் வைத்ததும் சக்கரம் மட்டும் சுற்றியது, வண்டி கீழே சறுக்கியது. ரப்பர் சுற்றிப் பார்த்தேன், மெழுகு தடவிப் பார்த்தேன், சரிவைக் குறைத்துப் பார்த்தேன். குறைத்தால் அது மலை இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. பலமுறை அழுதுவிட்டுப் படுத்துக்கொண்டேன். பல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பல் வைத்த தண்டவாளத்துக்கு எங்கே போவது?

அது தினமும் என் கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது. கம்பெனிகளிலிருந்து வரும் தகட்டுக் கழிவில் ஒரு வகை, விரல் அகலத்தில் நீளநீளமான பட்டை. சின்னச் சின்னச் சதுரம் வெட்டி எடுத்தபிறகு, ஒரே இடைவெளியில் வரிசையாக ஓட்டை. ஒருநாள் அக்கா அந்தப் பட்டைகளை வாரிக் கட்டிக்கொண்டிருந்தபோது வெயில் அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் விழுந்தது. ஏணிபோல் விழுந்தது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அக்கா பயந்துபோய் ஓடிவந்தார்.

பட்டையோடு, கழித்த பல்சக்கரங்கள் கிடந்த ஒரு டப்பாவையும் கொடுத்தார். ஒவ்வொரு சக்கரமாக ஓட்டைகள்மேல் உருட்டிப் பார்த்தேன். ஒன்றின் பல் பெரிது, ஒன்றின் பல் நெருக்கம். கடைசியில் ஒரு பித்தளைச் சக்கரம், பல் ஓட்டையில் விழுந்து, எழுந்து, அடுத்த ஓட்டையில் விழுந்தது.

பட்டையைக் கம்பிகளுக்கு நடுவில் பதித்து, அந்தச் சக்கரத்தை எஞ்சினில் மாட்டி, மறுநாள் மத்தியானம் பெட்டிகளை மேலேயும் எஞ்சினைக் கீழேயும் வைத்துச் சாவி கொடுத்தேன். கட், கட், கட் என்று கடித்துக்கொண்டு அது ஏறியது. மூன்று பெட்டியையும் தள்ளிக்கொண்டு, முளைத்த கேழ்வரகை உரசிக்கொண்டு, சுவர்வரை போய் முட்டி நின்றது.

யாரையாவது கூப்பிடவேண்டும் என்று எழுந்துவிட்டேன். அம்மா தொழுதுகொண்டிருந்தார். அத்தா வெளியே போயிருந்தார். அக்கா சாப்பிடப் போயிருந்தார். அண்ணனைக் கூப்பிட்டால் வரமாட்டான். வாசல்வரை போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை சாவி கொடுத்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பத்தாவது இரண்டுமுறை எழுதி இரண்டுமுறையும் தவறியவன். எடைபோடும் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவான். அத்தா அவனைத் திட்டாத நாள் இல்லை. "கம்பெனிக்காரன் கழிச்சுப் போடறதாவது ஒண்ணுக்கு ஆவுது, நீ எதுக்கும் ஆவல" என்பார். வேலைக்காரர்கள் முன்னாலேயே சொல்வார். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான். நான் அறைக்குள் போனதிலிருந்து அவன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. சீக்குக்குப் பயந்து வரவில்லை என்று அப்போது நினைத்தேன்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். என் அறைக்கும். அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் உட்காரவைத்தார். ரயில் பலகையை அண்ணன் தூக்கிக்கொண்டுபோய் எடைக் கொட்டகையில் வைத்தான். அன்றைக்கென்று ஒரு கம்பெனி ஆபீசர் கழிவு எடுத்துப்போவதைப் பற்றிப் பேச வந்திருந்தார். மெட்ராஸ்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சும்மா இருக்காமல் சாவி கொடுத்துவிட்டான். ரயில் ஏறியது.

ஆபீசர் பேச்சை நிறுத்திவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். அவரே ஒருமுறை சாவி கொடுத்தார். பட்டையைத் தடவிப் பார்த்தார். "எங்க பிரெஸ் ஷாப் ஸ்கிராப்புதானே இது?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "பாய், இது யாரு பண்ணது?"

அண்ணன் பலகைமேல் கை வைத்தபடி நின்றான். அத்தா அவனைப் பார்த்தார். "எம்மவன்தான் சார்" என்றார்.

குவியலிலிருந்து அக்காவின் குரல் சத்தமாக வந்தது. "பாப்ப சேசிந்தி அய்யா! பாப்ப!"

"என்ன சொல்றாங்க?" என்றார் ஆபீசர்.

"ஒண்ணுமில்ல சார். பாப்பா வெளையாடறதுக்குச் செஞ்சு குடுத்தான்னு சொல்லுது."

எனக்குத் தெலுங்கு தெரியும். அந்த ஊரில் வளர்ந்த யாருக்குத் தெரியாது? பாப்பா செய்தது என்றுதான் அக்கா சொன்னார். அத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெலுங்கு தெரியும். பாதி வியாபாரம் அவர் தெலுங்கில்தான் செய்தார். நான் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றேன். வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டுத் தூரம்தான். ஆனால் வெளியே வரக்கூடாது என்று ஐந்து மாதமாகப் பழகிப்போன கால், எழவில்லை.

"எட்டாவது பாஸாப்பா?" என்று ஆபீசர் அண்ணனைக் கேட்டார்.

"பத்தாவது ஃபெயில் சார்."

"பரவால்ல. கையில வேல இருக்குது. எங்க டிரெய்னிங் சென்டர்ல பசங்கள எடுக்கறோம். பத்து நாள் கழிச்சு இத எடுத்துட்டு வா. எப்படி யோசிச்ச, எப்படிப் பண்ணன்னு கேப்பாங்க. பயப்படாம சொல்லு."

அன்று சாயந்திரம் அத்தா என் அறைக்குள் வந்தார். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஒரு இனிப்புப் பொட்டலத்தைப் பாய்மேல் வைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தார். "காத்து வருதில்ல?" என்றார். வருது என்றேன். போய்விட்டார்.

அண்ணன் மறுநாள் மத்தியானம் வந்தான். வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் பேசினான்.

"புள்ள, இது எப்புடி ஏறுதுன்னு சொல்லிக் குடு."

"நாந்தான் செஞ்சேன்னு சொல்லு."

"சொன்னா உன்னையா எடுப்பாங்க?" அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நான் பொய் சொல்லல. அத்தாதான் சொன்னாரு. எனக்கு வாய் வரல. இந்த எடக் கொட்டாயிலயே கெடந்து செத்துருவேன் புள்ள. உனக்குச் சீக்கு நல்லாவும், நீ படிப்ப. எனக்கு வேற என்னா இருக்குது?"

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் பாயில், என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து மாதத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவன். நான் எஞ்சினை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

பத்து நாள் வந்தான். எடைச் சீட்டு வேலை முடிந்ததும் நேரே வந்துவிடுவான். பல் எப்படி ஓட்டையில் விழுகிறது, ரப்பர் ஏன் வழுக்கியது, எஞ்சின் ஏன் பின்னால், எல்லாம் கேட்டான். ஒருநாள் பேச்சு மும்முரத்தில் என் தட்டிலிருந்தே சோற்றை எடுத்துத் தின்றான். நான் சொல்லவில்லை. அவனும் கவனிக்கவில்லை. அவனுக்குப் புரியவைப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கையில் எடுத்துப் பார்த்ததை அவன் மறக்கவே இல்லை. புத்தகத்தில் எழுதியிருந்ததுதான் அவனுக்கு ஏறவில்லை. எல்லாவற்றையும் மூன்றே நாளில் சொல்லித் தந்திருக்கலாம். சொன்னால் நாளைக்கு வரமாட்டான் என்று பயந்து, தினமும் கொஞ்சத்தை ஒளித்துவைத்துக்கொண்டேன். ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாதபோது வேறு ஏதேதோ சொன்னேன். வாய் ஓயாமல் பேசினேன். சீக்கு வந்த அந்த ஆறு மாதத்தில் என்ன வேண்டியிருந்தது என்று கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் சொல்வேன்.

பதினோராம் நாள் பலகையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். அத்தா களத்திலிருந்த எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அக்கா மட்டும் டீயைத் தொடாமல் காந்தத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் டிரெய்னிங் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ரயில் திரும்பி வரவில்லை. சென்டரில் வைத்துக்கொள்கிறார்களாம், கண்ணாடிப் பெட்டி செய்கிறார்களாம்.

எனக்கு ஜூலையில் உடம்பு சரியாகிவிட்டது என்றார்கள். மறுபடி ஏழாம் வகுப்பு. என்னோடு படித்தவர்கள் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். நோட்டு எடுத்துவந்தவள் மாடியில் நின்று கையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குள் குடும்பத்தையெல்லாம் விடுவார்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெஷின் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று, பூமாலை, கையில் ஒரு பொரிப் பொட்டலம். நாங்களும் போனோம். அண்ணன் நீலச் சட்டை போட்டிருந்தான். தோள் அகன்றிருந்தது. டிரெய்னிங் சென்டர் வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. என் ரயிலுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முளைத்த கேழ்வரகு காய்ந்திருக்கும்போல, பச்சை மரத்தூள் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு அட்டையில் அண்ணன் பெயர். எஞ்சினைப் பெட்டிகளுக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள்.

"எஞ்சின் பின்னாடி இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற டிரெய்னிங் வாத்தியார் என் தலையைத் தட்டினார். "எந்த ஊர்லம்மா எஞ்சின் பின்னாடி வருது? அண்ணன் தெரியாம வெச்சுட்டான், நாங்கதான் சரி பண்ணோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கு ஏனென்று தெரியும். நான்காம் நாள் முழுக்க அதைத்தான் பேசினோம். அவன் வாத்தியாரைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், பொரிப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினான். "சாப்பிடு புள்ள" என்றான்.

அம்மா கண்ணாடிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பெயிண்டுக்கு அடியில் மருந்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. "உன் ஊசி டப்பா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை.

அத்தா காலமான பிறகுதான் அம்மா இதைப் பற்றி வாய் திறந்தார். "உங்கத்தாவுக்கு அன்னிக்கே தெரியும் புள்ள. நான் சண்ட போட்டேன். அவ செஞ்சதுன்னு சொன்னா, எதுக்கு வூட்லயே கெடந்தான்னு கேப்பாங்க, சீக்கு இருந்தது ஊருக்கே தெரிஞ்சிரும், நாளைக்கு யாரு கட்டிக்குவாங்கன்னாரு. பையனுக்கும் ஒரு வழி ஆச்சு, பொண்ணு பேரும் தப்பிச்சிச்சின்னாரு."

அத்தா என் நல்லதுக்குத்தான் செய்தார். அதை நம்புகிறேன். ஆனால் நாலைந்து வருடத்திலேயே கம்பெனி பஸ்கள் வேப்பனப்பள்ளி, மத்தூர் பக்கமெல்லாம் போய்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிவந்தன. வெள்ளைக் கோட்டுப் போட்டு, கண்ணில் லென்ஸ் வைத்து, எறும்புத் தலை அளவு பாகங்களைக் கோர்க்கிற வேலை. விரல் நுணுக்கமாக இருப்பவர்கள்தான் வேண்டும் என்று தேடித் தேடி எடுத்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. பிறகு தபால் வழியில் படித்துக் கிருஷ்ணகிரியில் கணக்கு டீச்சராகி, அந்த வேலையில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனாலும் அந்த பஸ் கடந்து போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்ப்பேன்.

அண்ணன் அந்தக் கம்பெனியிலேயே வளர்ந்து, டூல் ரூமுக்கே சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றார். அவர் கைக்கு நிகரில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. சின்ன வயதில் "நீ" என்று பேசிய வாய்க்கு எப்போது "நீங்க" வந்தது என்று தெரியவில்லை. பெருநாளுக்குப் பார்த்துக்கொள்வோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். ரயிலைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருடைய ஓய்வு விழாவுக்கு மண்டபம் நிறையக் கூட்டம். நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த கதையைத் தொடங்கினார். தகட்டுப் பட்டை, டைம்பீஸ், பல்சக்கரம். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு அவர் சொன்னார்:

"அப்ப எனக்கு ஒடம்பு சரியில்ல. ஒரு ரூம்புல தனியா போட்டுட்டாங்க. பேச ஆள் கெடையாது. அந்த ரயிலு பொட்டி ஜன்னல்ல எல்லாம் மூஞ்சி வரைஞ்சு வெச்சிருந்தேன். டீச்சர் ஒருத்தங்க, வெத்தல போடற அம்மா ஒருத்தங்க, தூங்கிக்கிட்டே வர்ற பெரியவர் ஒருத்தர். காலையில எழுந்ததும் அவங்ககிட்டதான் பேசுவேன். வண்டி மேல போயி முட்டி நின்னதும், எறங்காதீங்க, கொஞ்ச நேரம் இருங்கன்னு சொல்லுவேன்."

இதை நான் உங்களுக்கு மேலே எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. ஆறு மாதத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அதைச் சொன்னேன். சொல்ல வேறொன்றும் மிஞ்சாத எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், சின்னப் பையன்" என்றார். நான் எழுந்து கத்தவேண்டும்போலவும் இருந்தது, அந்த அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அழுதேன்.

போட்டோ எடுக்கக் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் என்னைத் தேடிப்பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மாலையின் ரோஜா வாசனை மூச்சை அடைத்தது. போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அண்ணன் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டார்.

"எல்லாம் சரியாச் சொன்னனா புள்ள?"

நானும் கேமராவையே பார்த்தேன். கூட நின்ற பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சரியாத்தான் சொன்ன, அண்ணே" என்றேன். "ஒண்ணும் விட்டுப்போகல."